றிவியூ அண்ணை துவக்கு வாங்கினார்

கனடாவில், எங்கள் ஸ்காபரோவில் றிவியூ அண்ணையைவிட நிதானமான ஒருவர் இருந்தால், அவர் சிலையாகத்தான் இருக்க வேண்டும். ஒரு பல் பிரஷ் வாங்குவதென்றாலும், அதைப் பற்றி உலகத்தில் யார் யார் என்னென்ன சொல்லியிருக்கிறார்கள் என்று யூரியூப்பில் முழுவதும் பார்த்து முடித்த பிறகுதான் அண்ணை கடைக்குப் போவார். அதற்குள் பல் விழுந்துவிடும் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். றிவியூ பார்த்துப் பார்த்தே அவருக்கு அந்தப் பெயர் வந்தது. அவருடைய சொந்தப் பெயர் எங்கள் கட்டடத்தில் தபால்காரருக்கும் அவர் மனைவி சரசு அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். அக்கா புருசன் பெயரைச் சொல்ல மாட்டார்.

நான் அப்போது அதே கட்டடத்தில் அவருக்குக் கீழ் மாடியில் இருந்தேன். அண்ணை சோறு சமைக்கிற மெசின் ஒன்று தேடிக்கொண்டிருந்தார். நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து முடிக்கும்போது அந்த மொடலைச் செய்வதை நிறுத்திவிடுவார்கள். அண்ணை மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். சரசு அக்கா பானையில் சமைத்தபடியே இருந்தார். ஒரு குறையும் சொன்னதில்லை.

"இந்த மனுசன் என்னைப் பொம்பிளை பாக்க வந்த நேரம் உந்த யூரியூப் இல்லாதது என்ர அதிஷ்டம் தம்பி" என்று மட்டும் ஒருநாள் சொன்னார்.

இப்படிப்பட்ட மனிதர்தான் ஒரு சனிக்கிழமை எலிவேற்றருக்குள் வைத்து என் காதருகே குனிந்து, "தம்பி, நான் துவக்கு வாங்கப் போறன்" என்றார்.

எலிவேற்றரில் நின்றவர்களில், துவக்கென்றால் துப்பாக்கி என்று தெரிந்த இருவர் தங்கள் மாடி வருமுன்பே இறங்கிவிட்டார்கள்.

விசயம் இதுதான். அண்ணை வேலை செய்கிற தளபாடத் தொழிற்சாலையில் அவருடன் டேவ் என்றொரு வெள்ளைக்காரர் இருந்தார். வருடா வருடம் நவம்பரில் டேவும் சிநேகிதர்களும் வடக்கே காட்டுக்குள் ஒரு மரக் குடிசையில் தங்கி மான் வேட்டையாடுவார்கள். அந்த டேவ், அடுத்த வருடம் நீயும் வா என்று அண்ணையைக் கூப்பிட்டிருந்தார்.

"இருபது வருசமா ஒண்டா வேலை செய்யிறம். குட் மோர்னிங், குட் நைற், அவ்வளவுதான். முதல் தரமா ஒருத்தன் வா எண்டு கேட்டிருக்கிறான். நான் போய் அவங்களுக்கு முன்னால மொக்கன் மாதிரி நிக்கக்கூடாது தம்பி" என்றார். அவர் முகத்தில் பகிடி இல்லை. எனக்கும் அன்றைக்குப் பகிடி வரவில்லை.

முதலில் ஆலோசனை. எங்கள் பிளாசாவின் கோப்பிக் கடையில் சனிக்கிழமைகளில் கூடுகிறவர்கள் எல்லாருக்கும் துவக்கைப் பற்றி நல்ல அறிவு இருந்தது. என்ன, எல்லாமே ஊர்ச் சண்டையில் குழலுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று பெற்ற அறிவு. "சத்தத்தை வைச்சே என்ன துவக்கு, எவ்வளவு தூரத்தில எண்டு சொல்லுவன்" என்றார் ஒருவர். "அதுக்குப் பிறகு என்ன செய்யிறது?" என்று அண்ணை கேட்டார். "பிறகென்ன, ஓடுறதுதான்." இன்னொருவர் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "துவக்குக்குப் பயந்து இவ்வளவு தூரம் ஓடிவந்து, இஞ்ச துவக்குக் கடையில போய் லைனில நிக்கப் போறீர்."

அண்ணை அசரவில்லை. துவக்குப் பாதுகாப்பு வகுப்பு, வேட்டை வகுப்பு இரண்டுக்கும் போனார். படிப்பித்தவர் இரண்டாம் நாளே சந்தேகங்களைக் கடைசியில் கேட்கச் சொல்லிவிட்டாராம். அண்ணை கேட்கத் தொடங்கியதும் மற்றவர்கள் சாப்பிடப் போய், சாப்பிட்டுவிட்டு வந்தும் விட்டார்களாம்.

லைசன்சுக்கு என்னைச் சாட்சியாகக் கொடுத்திருந்தார். ஒருநாள் லைசன்ஸ் கந்தோரிலிருந்து ஓர் அம்மா போன் எடுத்து, இவர் ஆத்திரத்தில் எதையாவது செய்துவிடக்கூடியவரா என்று கேட்டார். ஆத்திரத்திலென்ன, அவசரத்தில்கூட அவர் எதையும் செய்ததில்லை. ஒருவரைச் சுடுவதென்று அவர் முடிவெடுத்தாலும், எந்தச் சன்னம் நல்லதென்று பார்த்து முடிப்பதற்குள் அந்த ஆள் வயது போய்த் தானாகவே செத்துவிடுவார் என்று சொல்ல வாய் உன்னியது. "மிகவும் பொறுமைசாலி" என்று சொல்லி வைத்தேன்.

லைசன்ஸ் வந்தது. அதன் பிறகுதான் கலிபர் பிரச்சினை தொடங்கியது. கலிபர் என்றால் குழலுக்குள்ளால் போகிற சன்னத்தின் பருமன், அவ்வளவுதான். ஆனால் புதிதாக மான் வேட்டைக்குப் போகிறவனுக்கு எது நல்லதென்பதில் யூரியூப்பில் இரண்டு பேர் ஒத்துப்போவதில்லை. அண்ணை இரவு பகலாகப் பார்த்தார். கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். கலியாணப் பொருத்தம் பார்ப்பதுபோலப் பார்க்கத் தொடங்கினார்.

"243 அமைதியான பிள்ளை. உதைக்காது. புதுசா வாறவனுக்கு நல்லது. ஆனா பெரிய இடத்தில சமாளிக்குமோ எண்டு யோசனை" என்றார் கோப்பிக் கடையில். "6.5 இப்பத்தப் பிள்ளை, நல்ல படிப்பு, எல்லாரும் அதுக்குப் பின்னாலதான் திரியிறாங்கள். அதுதான் எனக்குக் கொஞ்சம் பயம். 308 நல்ல குடும்பம். சொந்தக்காரர் எல்லா ஊரிலயும் இருக்கினம். எந்தக் கடைக்குப் போனாலும் தோட்டா எடுக்கலாம். கொஞ்சம் கோபம்தான், எண்டாலும் தோளோட சரியா அணைச்சுப் பிடிச்சால் அடங்கி நடக்கும்."

பக்கத்து மேசையில் இருந்த ஓர் அன்ரி எங்கள் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்த முதல் சொன்ன பிள்ளை எந்த ஊர்? எங்கட மகனுக்கும் பாக்கிறம்" என்றார்.

இப்படியே பனி போய், கோடை போய், இலை சிவக்கத் தொடங்கியது. ஒருநாள் அண்ணை வெற்றி முகத்தோடு வந்து 308 என்று அறிவித்தார்.

"டேவ் என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"அவன் கூப்பிட்ட அண்டைக்கே 308 வாங்கு எண்டுதான் சொன்னவன்."

"பிறகென்னண்ணை?"

"அவன் சும்மா சொன்னவன். நான் ஆராய்ஞ்சு சொல்லுறன்."

கடைக்கு நானும் போனேன். ராகு காலம் முடியும்வரை வாசலில் காருக்குள் இருந்துவிட்டுத்தான் உள்ளே போனோம். கடையில் நின்ற பெண் ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள். நாலைந்து துவக்குகளைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, நீளம் கொஞ்சம் குறைந்த ஒன்றை அண்ணை கீழே வைக்கவேயில்லை. அதுதான் உங்களுக்கு அளவு, கலிபரைவிட முக்கியம் துவக்கு உடம்போடு பொருந்துவதுதான் என்று அவள் சொன்னாள். ஒரு வருடம் பார்த்த வீடியோக்களில் இல்லாத சங்கதி இது. அண்ணைக்கு முகம் கொஞ்சம் வாடியது. பிறகு தெளிந்து, மான் கிடைக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை. எங்கள் ஆட்களில் யாரோ முன்பும் அந்தக் கடைக்குப் போயிருக்க வேண்டும்.

சுடும் பயிற்சிக்கும் டேவோடு போய்வந்தார். துவக்கு உதைத்த தோளில் ஒரு நீலம், முகத்தில் ஒரு பெருமை. எல்லாம் சரி. அப்போதுதான் சரசு அக்கா சமையலறையில் தொங்கிய கோயில் கலண்டரைத் திருப்பினார்.

ஒரு வருடமாக அண்ணை பார்க்காத ஒரே ஒரு சாமான் அந்தக் கலண்டர்தான். வேட்டைக் கிழமையும் கந்தசஷ்டி விரதமும் அந்த வருடம் ஒன்றாக வந்திருந்தன. அண்ணை வருடம் தவறாமல் ஆறு நாளும் விரதம் பிடிக்கிற முருக பக்தர். துவக்கு மூலையில் இருந்தது, முருகன் படம் சுவரில் இருந்தது, அண்ணை இரண்டுக்கும் நடுவில் சோபாவில் இருந்தார். நியாயம் கேட்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"இறைச்சி சாப்பிடாமல் விட்டால் சரிதானே? சுடுறது வேற, சாப்பிடுறது வேற" என்றார் அண்ணை.

"இஞ்சருங்கோ, வள்ளியைப் பெத்தது ஆர்?" என்று அக்கா கேட்டார்.

அண்ணை சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். அக்காவே பதிலும் சொன்னார்.

"ஒரு மான். அப்ப மான் முருகனுக்கு என்ன முறை? மாமி. விரதம் பிடிச்சுக்கொண்டு முருகன்ர மாமியைச் சுடப் போறியளோ?"

கனடாவின் எந்த வேட்டை வீடியோவிலும் இதற்குப் பதில் கிடையாது.

"சூரன்போர் பாக்கக் கோயிலுக்கு வராமல் மான்போருக்குப் போறாராம்" என்று அக்கா பாத்திரங்களோடு சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணை, "நான் வரேல்லை எண்டு சொன்னால் டேவ் ஒண்டும் சொல்லமாட்டான். ஆனா திருப்பிக் கேக்கவும் மாட்டான்" என்றார். அதற்குப் பிறகு சமையலறையில் சத்தம் நின்றுவிட்டது.

அடுத்த நாள் அக்கா, "போயிட்டு வாங்கோ. ஆனா புதுச் சாமான், பூசை செய்யாமல் வெளிய கொண்டுபோகேலாது" என்றார்.

எங்களில் யார் புதுக் கார் வாங்கினாலும் றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் கொண்டுபோய்ப் பொட்டு வைத்து, மாலை போட்டு, டயருக்குக் கீழே தேசிக்காய் நசித்த பிறகுதான் வேகவீதியில் ஏற்றுவோம். துவக்கையும் அங்கே கொண்டுபோக அண்ணை ஆயத்தமானார். "அண்ணை, கோயில் வாசலில துவக்கோட நிண்டால் ஐயருக்கு முதல் பொலிஸ் வரும்" என்று நான்தான் மறித்தேன். பூசை வீட்டிலேயே நடந்தது. அண்ணை குளிக்கப் போயிருந்த நேரத்தில், தோட்டா இல்லாமல் பூட்டுப் போட்டிருந்த துவக்குக்கு அக்கா தன் கையால் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பெட்டியை மூடினார்.

காட்டில் நடந்ததை அண்ணை எனக்குச் சொன்னார். டேவும் பிறகு அதையே சொன்னார், இடையிடையே சிரிப்பு வந்து நின்றதால் அவருக்கு அதிக நேரம் எடுத்தது.

விடியற்காலையில் அண்ணையை ஒரு மரத்தில் கட்டிய பரணில் ஏற்றிவிட்டார்கள். செம்மஞ்சள் மேற்சட்டை, செம்மஞ்சள் தொப்பி, வயிற்றில் ஒரு கோப்பை பால். தூரத்தைக் கிட்டக் காட்டுகிற ஸ்கோப்பின் மூடிகளை மான் வரும்வரை திறக்கக்கூடாது, கண்ணாடியில் ஈரம் படியும் என்று யாரோ வீடியோவில் சொன்னதை நம்பி, அண்ணை மூடியபடியே வைத்திருந்தார். குளிரில் கந்தசஷ்டி கவசத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மான் வந்தது. கொம்புள்ள கலைமான். அவசரமில்லாமல் வந்து, பக்கவாட்டில் நின்று, வசதியாகத் தலையைத் தூக்கியும் காட்டியது. அண்ணை சத்தமில்லாமல் துவக்கைத் தோளில் வைத்தார். மூடிகளைத் திறந்தார். ஒற்றைக் கண்ணை மூடி ஸ்கோப்புக்குள்ளால் பார்த்தார்.

மானைக் காணவில்லை. மரத்தைக் காணவில்லை. கனடாவையே காணவில்லை. மஞ்சள்தான் தெரிந்தது, நடுவில் கொஞ்சம் சிவப்பு.

சரசு அக்கா மூடிகளைத் திறந்து, ஸ்கோப்பின் முன்கண்ணாடியிலும் பின்கண்ணாடியிலும் பெருவிரலால் தாராளமாகப் பொட்டு வைத்து மூடியிருந்தார். அண்ணை மேற்சட்டைத் தலைப்பால் துடைத்தார். காய்ந்த சந்தனம் சுரண்டுப்பட்டு இன்னும் பரவியது. எச்சில் தொட்டுத் துடைத்தார், அது குழம்பாகியது. அவர் துடைத்து முடிக்கட்டும் என்பதுபோல மான் கொஞ்ச நேரம் நின்று பார்த்ததாம். பிறகு தன்பாட்டில் போய்விட்டது.

"வெடிச் சத்தமும் கேக்கேல்லை, ஏன் சுடேல்லை எண்டு வந்து கேக்கப்போறாங்கள். மான் வரேல்லை எண்டு சொல்லுவமோ எண்டு யோசிச்சன் தம்பி" என்றார் அண்ணை. "ஆனா டேவ் அடுத்த பரணில இருந்து பாத்துக்கொண்டிருந்தவன். எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைச்சன்."

குடிசைக்குள் நாலைந்து தாடிக்காரர்களுக்கு முன்னால் துவக்கை மேசையில் வைத்து உள்ளதைச் சொன்னார். டேவ் அந்த மஞ்சள் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்தப் பொட்டு எதற்கு என்று கேட்டார். பாதுகாப்புக்கு என்றார் அண்ணை. யாருடைய பாதுகாப்புக்கு என்று டேவ் கேட்டார். அண்ணை தன் வழக்கப்படி நிதானமாக யோசித்தார்.

"எனக்கெண்டுதான் நினைச்சிருந்தன். மானுக்கு வேலை செய்திருக்குது."

அவர் ஆங்கிலத்தில் இதைச் சொன்னதும் குடிசை அதிர்ந்ததாம். ஒருவர் கதிரையிலிருந்து விழுந்தே விட்டார். மிச்ச நாட்களில் அண்ணை பரணில் ஏறவில்லை. தான் சாப்பிடாமல் அவர்களுக்குச் சோறும் பருப்பும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்துக் கொடுத்தார். தாடிக்காரர்கள் சொதியைக் கோப்பையில் ஊற்றிக் குடித்தார்களாம்.

வீடு திரும்பி, விரதம் முடித்துப் பாரணைச் சோறு சாப்பிட்டுக்கொண்டே அண்ணை கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"கண்ணாடியில பொட்டு வைச்சால் மான் தெரியாது எண்டு உமக்குத் தெரியாதோ?"

"தெரியும்" என்றார் அக்கா. "தெரிஞ்சுதான் வைச்சனான். நீங்கள் சுட்டிருந்தால் முருகன்ர முகத்தைப் பாக்கேலாது. போகவேண்டாம் எண்டு மறிச்சிருந்தால் உங்கட முகத்தைப் பாக்கேலாது. இருபது வருசத்தில ஒருத்தன் கூப்பிட்டிருக்கிறான். நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ?"

அண்ணை சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். பிறகு, "கொஞ்சம் பெரிசா வைச்சிட்டீர்" என்றார்.

அடுத்த நவம்பரில் டேவ் தன் ட்ரக்கோடு எங்கள் கட்டடத்து வாசலுக்கே வந்து நின்றார். ட்ரக்குக்குப் பொட்டு வைக்க வேண்டும், துவக்குப் பெட்டிக்கும் வைக்க வேண்டும், கண்ணாடியில் மட்டும் வேண்டாம் என்று சரசு அக்காவிடம் கைகூப்பிக் கேட்டார். டயருக்குக் கீழே தேசிக்காய் வைக்கும்போது பக்தியோடு தொப்பியைக் கழற்றினார். அந்த வருடம் சஷ்டி முன்னமே முடிந்திருந்தது. ஆனாலும் அண்ணை சுடவில்லை. அந்த ஸ்கோப் கீறுப்பட்டுப் போனது, புதிது வாங்க வேண்டும், எது நல்லதென்று பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்றைக்கும் பார்க்கிறார். வருடா வருடம் வேட்டைக்குப் போய்ச் சொதி வைத்துவிட்டு வருகிறார்.

நான் இப்போது ஸ்காபரோவை விட்டு அஜக்சில் வீடு வாங்கி வந்துவிட்டேன். நல்ல வீடு, அமைதியான தெரு. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. போன கோடையில் பேச்சுவாக்கில், பாண் வாட்டுகிற ரோஸ்ரர் ஒன்று வாங்க வேண்டும் அண்ணை என்று போனில் சொல்லிவிட்டேன். "அவசரப்படாதையும் தம்பி, நான் பாக்கிறன்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுக்கிறார். இரண்டு துண்டா நாலு துண்டா, பாண் தடிப்பா மெல்லிசா, வீட்டில் முதலில் எழும்புவது யார், எல்லாம் விசாரிக்கிறார். கடைக்குப் போனால் பத்து நிமிடத்தில் நானே ஒன்றை வாங்கி வந்துவிடலாம். வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை போன் வராது. நான் பாணை வாட்டாமலே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.