டேம் சாரும் அவருடைய மண் கரையும்

சென்னையில் பங்களா வைத்திருப்பவர்கள் உண்டு, கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்கள் உண்டு. சொந்தமாக ஓர் அணை வைத்திருந்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். என் வயிற்றெரிச்சலை அவர் அளவுக்குக் கொட்டிக்கொண்டவரும் வேறு யாரும் கிடையாது.

மயிலாப்பூரில் நாங்கள் காலையில் நடக்கும் பூங்காவில் அவருக்குப் பெயர் டேம் சார். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். மதுராந்தகத்தைத் தாண்டி, மாமனார் வழியில் கொஞ்சம் நிலம் வந்திருந்தது. அதில் இரண்டு மேடுகளுக்கு நடுவே ஓடும் ஓடையை மறித்து, பாசனத்துக்காக யாரோ எப்போதோ போட்ட மண் கரை. அதுதான் அணை.

அவர் வரும்வரை பூங்காவில் கதை சொல்கிறவன் நான்தான். பத்திரிகையில் எழுதுகிறவன் என்று நடு பெஞ்சை எனக்காக விட்டுவைப்பார்கள். ஒரு நாள் இவர் வந்து, “எங்க அணையில தண்ணி ஏறிடுச்சு” என்றார். மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. பல வருஷமாக இளநீர் குடிக்கும் என்னை ஒரு தடவைகூட நலம் விசாரிக்காத இளநீர்க்காரர், அவரைக் கண்டால் அரிவாளைக் கீழே வைத்துவிடுவார்.

“இன்னா நைனா, அணை எப்டி கீது?”

“நல்லா கீது நைனா” என்பார் இவரும்.

வீட்டில் வந்து புலம்பினேன். “அவர் அணை வெச்சிருக்கார். நாம என்ன வெச்சிருக்கோம்?” என்றாள் மனைவி. மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதுவும் ஆறு குடித்தனத்துக்குப் பொது.

பூங்காவின் மண் மேட்டில் வேப்பங்கன்று முளைத்திருந்தால் டேம் சாருக்குப் பொறுக்காது. பிடுங்கிவிடுவார். வாட்ச்மேன் விசில் ஊதிக்கொண்டு ஓடி வருவார்.

“இன்னா சார், செடியப் புடுங்கிக்கினு கீறே?”

“கரை மேல மரம் ஆகாதுப்பா. நாளைக்கு வேர் செத்தா அது தண்ணிக்குப் பாதை.”

“இது கரை இல்ல சார், பார்க்கு!”

“எல்லாம் மண்ணுதானே?”

ஓட்டலில் தண்ணீர் டம்ளரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். “கரைக்குக் கீழே கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிவா வந்தா பயமில்ல. கலங்கி வந்தா உள்ளே மண்ண அரிக்குதுன்னு அர்த்தம்” என்று எங்களுக்கு விளக்குவார். ஒரு நாள் சர்வர் பயந்துபோய் வேறு தண்ணீர் கொண்டுவந்து வைத்து, ஸாரியும் சொன்னார். என் காபியில் எறும்பு கிடந்த அன்று அதே சர்வர், “எடுத்துப் போட்டுட்டுக் குடிங்க” என்றார்.

ஓர் ஐப்பசியில் பத்து நாள் விடாமல் மழை. பதினோராம் நாள் வெயில் அடித்தது. இரண்டு நாளில் புயல் என்று டிவி சொன்னது. “அணையைப் பார்க்கப் போறேன், வர்றீங்களா?” என்றார். போனேன். அது வெறும் குட்டையாக இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன். திரும்பி வந்து பூங்காவில் சொல்ல வாக்கியம்கூடத் தயார் செய்துவிட்டேன்.

குட்டை இல்லை. இரண்டு ஆள் உயரக் கரை. அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர், நடுநடுவே நாரைகள். என் தொட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது.

டேம் சார் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. நேரே கரையின் மறுபக்க அடிவாரத்துக்கு இறங்கினார். அங்கே ஓரிடத்தில் நீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. பையிலிருந்து டம்ளரை எடுத்துப் பிடித்தார். டீ நிறத்தில் இருந்தது. அவர் சட்டென்று திரும்பிக் கீழே பார்த்தார். கூப்பிடு தூரத்தில் ஓடையோரமாக ஏழு வீடுகள். ஒரு வீட்டு வாசலில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

“ஏழுமலை, மதகைத் திற” என்றார், நிலத்தைப் பார்த்துக்கொள்பவரிடம்.

ஏழுமலை நகரவில்லை. “சார், அஞ்சு வருஷம் கழிச்சு இப்பத்தான் ரொம்பியிருக்கு. தொறந்தா கோடைக்குச் சொட்டுத் தண்ணி இருக்காது. புயல் திசை மாறினாலும் மாறும். ரெண்டு நாள் பாக்கலாமே?”

“மாறலைன்னா? கீழே ஏழு வீடு இருக்கு. திற.”

அணை மேல் இருந்த பொறாமை போய், அந்த ‘திற’வின் மேல் பொறாமை வந்துவிட்டது. என்னால் நிச்சயம் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. மொட்டை மாடித் தொட்டியைக் கழுவவே நான் நாலு நாள் யோசிப்பேன்.

மதகுச் சக்கரம் துருப்பிடித்து இறுகியிருந்தது. மூன்று பேரும் தொங்கித் திருப்பினோம். அது ஒரு முனகலோடு அசைந்து, தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது. வீடுகளில் இருந்தவர்களை மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிவிட்டு ஏழுமலை நாலு ஆளோடு வந்தார். ஒருவர் களிமண்ணோடு ஊற்றை அடைக்க ஓடினார்.

“அடைக்காதே! இங்க அடைச்சா வேற இடத்துல பிச்சுக்கும். மண்ண நிறுத்தணும், தண்ணிய விட்டுடணும்” என்று கத்தினார் டேம் சார். இதற்கென்றே குவித்து வைத்திருந்த மணலைப் பரப்பி, அதன் மேல் ஜல்லியைக் கொட்டச் சொன்னார். நானும் கூடை சுமந்தேன். சாயங்காலம் வந்த தண்ணீரை டம்ளரில் பிடித்துப் பார்த்தார். தெளிந்திருந்தது. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

புயல் திசை மாறவில்லை. கரையின் ஒரு பக்கம் சரிந்தது. ஆனால் கரை உடையாமல் நின்றுவிட்டது. வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மதகை மூடாமலே விட்டதால் அணையில் மட்டும் முழங்கால் அளவு தண்ணீர்தான் மிச்சம்.

அடுத்த வாரம் பூங்காவில் இளநீர்க்காரர் வழக்கம்போலக் கேட்டார். “காலி நைனா” என்றார் டேம் சார். யாரோ சிரித்தார்கள். இத்தனை நாள் நான் காத்திருந்த சிரிப்பு அது. எனக்கு ஏனோ சுருக்கென்று கோபம் வந்தது. பெஞ்சில் ஏறி நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கடைசியில் எல்லோரும் எழுந்துபோய் அவர் கையைக் குலுக்கினார்கள். கதை சொன்னவன் கையை ஒருவரும் தொடவில்லை.

இப்போது அவர் இங்கே இல்லை. கரையைப் பழுது பார்க்கப் போனவர், மனைவியோடு அங்கேயே ஒரு வீடு கட்டிக்கொண்டுவிட்டார். நடு பெஞ்ச் மறுபடி என்னுடையது. சென்னையில் வானம் இருட்டினால் முதலில் அவருக்குத்தான் போன் போடுகிறேன். “உங்க பக்கம் மழை எப்படி?” என்று கேட்பார்.

“எங்க பங்கையும் நீங்களே வெச்சுக்கோங்க சார்” என்பேன். “ஆனா பார்த்து, கரை தாங்கற அளவுக்கு மட்டும்.”