மூன்று குடைகளும் ஒரு ரோமானியரும்

வரலாற்று வாத்தியாருக்குப் பெண் கொடுக்க யாரும் முண்டியடிப்பதில்லை. எனக்கு ஐந்து இடம் தட்டிப்போய் ஆறாவதாக வந்தது செங்கல்பட்டு. பெண் பெயர் மலர், நர்ஸ். பார்த்த அன்றே எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அன்று அவள் அப்பா சபரிமலை போயிருந்தார். "விசாரித்துச் சொல்கிறோம்" என்றார்கள். அதாவது, மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்துக்குச் சொல்லாமல் வந்து நோட்டம் விடுவார்கள். நானும் ஒரு வாரம் இஸ்திரி போட்ட சட்டையோடு பள்ளிக்கூட வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஒன்பதாம் வகுப்பை மாமல்லபுரம் அழைத்துப்போனேன். பல்லவர்களைப் பற்றிப் பேசுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் மலைமேல் இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே ஒரு சந்து தெரிந்ததும் என் ரோமானியப் பைத்தியம் தலைக்கேறிவிட்டது.

குறுக்கு வழி என்று நம்பி ரோமானியப் படை ஒரு கணவாய்க்குள் நுழைகிறது. சாம்னைட்டுகள் என்ற மலைநாட்டு வீரர்கள் இரண்டு முனையையும் அடைத்துவிடுகிறார்கள். அவர்கள் தளபதி தன் வயதான அப்பாவிடம் யோசனை கேட்கிறான். "மரியாதையாக அனுப்பிவிடு, இல்லையென்றால் ஒருவனையும் உயிரோடு விடாதே. நடுவே எதையும் செய்யாதே" என்கிறார். மகன் கேட்கவில்லை. இரண்டு ஈட்டிகளை நட்டு, மூன்றாவதைக் குறுக்கே நுகத்தடிபோலக் கட்டி, ரோமானியர்களை அதன்கீழ் குனிந்து போக வைக்கிறான். அந்த அவமானத்தை அவர்கள் மறக்கவே இல்லை.

நான் கையைக் காலை ஆட்டி இதைச் சொல்ல, வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவரும் பிள்ளைகளோடு நின்று கேட்டார். காலையிலிருந்தே எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தார். டிக்கெட் வரிசையிலேயே பேச்சுக் கொடுத்திருந்தார்.

"இன்னா தம்பி, பர்மனென்ட் வேலயா? தண்ணி கிண்ணி உண்டா?"

(இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்று முடிவு கட்டினேன். அவ்வளவு கூர்மையான புத்தி எனக்கு.)

கதையைச் சொன்னதோடு விடாமல் பிள்ளைகளை நடிக்கவும் வைத்தேன். 'ஏ' பிரிவு ரோமானியர்கள். 'பி' பிரிவு சாம்னைட்டுகள், தளபதி ஜெனிஃபர். ஈட்டிகளுக்குப் பதில் மூன்று குடைகள். ரோமானியர்கள் சந்துக்குள் போனதும் பைகளை அடுக்கி இரண்டு முனையையும் அடைத்தார்கள். எட்டிப் பார்த்தால் உள்ளே அந்தப் பெரியவரும் நிற்கிறார்.

"சார், ஒரு ரோமானியர் குனிய மாட்டேன்றாரு!" என்று ஜெனிஃபர் கத்தினாள்.

"நா ரோமானியன் இல்லமா, செங்கல்பட்டு! வழி வுடு!"

(இங்கேயாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.)

அவர் என்னைப் பார்த்தார். "தம்பி, நீயாவது சொல்லேன்."

சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தத் தண்ணி கிண்ணி கேள்வி மனதில் கிடந்து அரித்தது. "கணவாய்க்குள்ள வந்துட்டா எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் சார். குனிங்க" என்றேன்.

குனிந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் செல்போனில் வீடியோ எடுத்தேன்.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள். "டேய், மலரோட அப்பா இன்னிக்கு உன்னப் பாக்க மகாபலிபுரம் வந்தாராமே, நல்லா கவனிச்சியா?"

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மலர் வீட்டுச் சம்பந்தத்தை நானே கெடுத்துக்கொண்டேனே என்று நிஜமாகவே அழுதேன். மூன்றாம் நாள் மன்னிப்புக் கேட்கச் செங்கல்பட்டில் அவர் வாசலில் போய் நின்றேன். நாற்காலியை விட்டு அவர் எழவில்லை.

"அந்தத் தளபதியோட அப்பன் இன்னா சொன்னாரு?"

"மரியாதையா அனுப்பு, இல்லாட்டி ஒருத்தனையும் விடாதே, நடுவுல எதுவும் செய்யாதேன்னாரு சார்."

"நீ இன்னா பண்ண?"

"நடுவுல பண்ணிட்டேன் சார்."

"பாடம் நல்லாத்தான் நடத்துற. உனுக்குத்தான் ஏறல."

உள்ளே மலர் சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்குப் போன உயிர் திரும்பியது.

ரோமானியர்கள் பழிதீர்க்க வருஷக்கணக்கில் ஆனதாம். மாமனார் முகூர்த்தம் வரைதான் பொறுத்தார். கல்யாண மண்டப வாசலில் மூன்று கரும்புகள் கட்டியிருந்தார்கள், சரியாக என் இடுப்பு உயரத்துக்கு. பட்டு வேட்டியும் மாலையுமாக நான் குனிந்து நுழைந்ததை அவரே வீடியோ எடுத்தார்.

இன்றும் அவர் வீட்டு ஹாலில் மூன்று குடைகள் தொங்குகின்றன. எதற்கு இத்தனை குடை என்று யாராவது கேட்டால் போதும், முழுக் கதையையும் சொல்லி, இரண்டு வீடியோவையும் போட்டுக் காட்டி, கடைசியில் என் பக்கம் திரும்புவார்.

"மாப்ள, நீ எப்டி குனிஞ்சன்னு காட்டு."

எழுந்து குனிந்து காட்டுகிறேன்.