கலப்படக் கால்

ஒரு காட்டில், மனு கொடுக்காமல் மழைகூடப் பெய்யாத காலத்தில், அங்கயற்கண்ணி என்றொரு யானை இருந்தாள். வேட்டைக்காரன் வைத்த பொறியில் அவளுடைய முன்னங்கால் ஒன்று பாதி போய்விட்டது. குளமோ வற்றிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை யானைக்கூட்டம் ஆற்றைத் தேடிக் கிளம்புகிறது. நடக்க முடியாதவள் தாகத்தோடு இங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

பட்டறைக் கரடி சடையப்பன் கால் செய்து தர முன்வந்தார். இரும்புக் காலை அவளால் தூக்கவே முடியவில்லை. மக்னீசியத்தில் செய்தார். இரும்பில் கால்வாசி எடைகூட இல்லை. ஆனால் நாலடி நடந்ததும் வளைந்துவிட்டது.

"அண்ணே, இது காலா, வாழைத்தண்டா?" என்றாள் யானை.

கரடி வேறொரு மக்னீசியக் கட்டியை உருக்கினார். காற்றுப் பட்டுத் தீப்பிடிக்காமல் மூடிவைத்து, சாணைக்கல் செய்கிற கடினமான பீங்கான் தூளை அதில் கொட்டினார். ரவை போலக் கட்டிதட்டியது. கட்டிதட்டிய இடத்திலேயே கால் உடைந்தது. அடுத்த முறை தூளைச் சூடாக்கி, சிட்டிகை சிட்டிகையாகத் தூவி, விடாமல் கிளறினார். அந்தக் கால் வளையவில்லை. அங்கயற்கண்ணி அதில் நின்றபடியே அழுதாள்.

"இரு தாயி. தரச்சான்று முத்திரை இல்லாமப் போனா வழியிலேயே கழற்றிடுவாங்க" என்றார் கரடி.

தரச்சான்று அலுவலகத்தில் மூன்று நாள் வரிசை. வியாழக்கிழமை சாயங்காலம்தான் நரி அதிகாரி தணிகாசலம் படிவத்தைப் புரட்டினார்.

"உலோகம் சுத்தமா?"

"நூற்றுக்குப் பத்துப் பங்கு தூள் கலந்திருக்குங்க. பலமே அதுதான்" என்றார் கரடி.

"படிவத்தில் ரெண்டே கட்டம். சுத்தம், கலப்படம். இது கலப்படம்." காலைப் பறித்து அலமாரியில் வைத்தார் நரி. "சுத்தமானது இல்லையா?"

ஒப்பிட்டுக் காட்டக் கொண்டுவந்திருந்த, தூள் கலக்காத வளைந்த பழைய காலைக் கரடி தயங்கித் தயங்கி நீட்டினார். நரி அதை நிமிர்த்தி, முகர்ந்து, முத்திரை குத்தினார்.

"ம், மாட்டிக்கொண்டு நடந்து காட்டு."

அங்கயற்கண்ணி மேசையை நோக்கி நாலடி வைத்தாள். கால் வளைந்தது. மேசையும் அதிகாரியும் அவளுக்கு அடியில் போனார்கள். நரியின் தலையும் ஒரு கையும் மட்டும் வெளியே தெரிந்தன.

"எழுந்திரு!"

"கால் வேணுமே ஐயா. அலமாரியில இருக்கு."

"எடுத்துத் தொலைய்யா, கரடி!"

"அது கலப்படமாச்சுங்களே!" கரடி கையைக் கட்டிக்கொண்டார். "கையெழுத்து இல்லாம நான் தொடலாமா?"

நரி முனகியபடி படிவத்தை இழுத்தார். தன் கையாலேயே மூன்றாவது கட்டம் ஒன்று போட்டு, 'கலந்தது, நன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மறுநாள் அங்கயற்கண்ணி கூட்டத்தோடு ஆற்றுக்குப் போனாள்.

நீதி: தரம் மட்டும் இருந்தால் கோப்பு நகராது, மேலிடத்து அழுத்தம் வேண்டும்.