பிரிட்ஜுக்கு மேலே ஒரு பச்சைப் பொட்டலம்

டென்மார்க்கில் இயந்திரங்கள் ஒழுங்காக ஓடுகின்றன என்றால் அதற்கு இந்த நாட்டு எஞ்சினியர்கள்தான் காரணம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோப்பன்ஹேகனில் ஒரு மாணவர் விடுதிக்குப் போய், அங்கே ஏழாம் அறைக்காரனைப் பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது. சலவை இயந்திரம் முதல் காற்றாலை வரை இந்த நாட்டின் சகல இயந்திரங்களையும் அடக்கி ஆண்டவன் அவன் ஒருவன்தான். கையில் வைத்திருந்த ஆயுதம், தேங்காய் வாசம் அடிக்கிற ஒரு பச்சை நிற நொறுக்குத்தீனிப் பொட்டலம்.

தாய்வானிலிருந்து காற்றாலைகளைப் பற்றி மேற்படிப்புப் படிக்க வந்தவன். அவனுக்கு அழகான பெயர் ஒன்று இருந்தது. எங்களில் ஒருவருக்கும் அது வாயில் நுழையவில்லை. நாங்கள் சொல்லும்போதெல்லாம் அவன் முகம் போன போக்கைப் பார்த்து முயற்சியைக் கைவிட்டோம். எங்கள் மாடியில் பெயர் அவ்வளவாகத் தேவைப்படவும் இல்லை. பன்னிரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு பிரிட்ஜ். பிரிட்ஜுக்குள் ஒவ்வொரு அறைக்கும் ஒரு தட்டு, தட்டில் ஓர் இலக்கம். ஆட்களும் இலக்கம்தான். அவன் ஏழு, நான் எட்டு. காலையில் வருவார்கள், "ஹேய்" என்பார்கள், தங்கள் பாலை எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான் மட்டும் மனதுக்குள் அவனைப் பச்சைப் பொட்டலம் என்று கூப்பிட்டு வந்தேன்.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். பத்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இக்காஸ்ட் என்ற சின்ன டேனிஷ் ஊரில் வளர்ந்தவன் நான். இக்காஸ்டில் நான் தும்மினால் நாலு வீடு தள்ளியிருக்கிற அன்ரி கொத்தமல்லி அவித்துக்கொண்டு வந்து நிற்பா. படிப்புக்காகக் கோப்பன்ஹேகன் வந்த முதல் மாதமே மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன். ஒருவரும் கதவைத் தட்டவில்லை. நாலாம் நாள் எழும்பிப் போய்ப் பிரிட்ஜைத் திறந்தால், என் தயிருக்குத் திகதி முடிந்துவிட்டது என்று மிகவும் மரியாதையாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அன்றைக்கு அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஏழாம் அறைக்காரனோடு நான் முதன்முதல் கதைத்தது கீழ்த்தளத்துச் சலவை அறையில். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் மேல் ஒரு பச்சைப் பொட்டலம் இருந்தது. பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு சீட்டு: "வேலை நடக்கிறது. தொடவேண்டாம்." யாரோ மறந்துபோனதாக்கும் என்று எடுக்கப் போனேன். பின்னாலிருந்து ஒரு அலறல் கேட்டது. அவன் என்னோடு பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் என் காதில் அது எப்போதும் எங்கள் வீட்டுத் தமிழாகவே விழுந்தது. அப்படியே தருகிறேன்.

"அதைத் தொடாதை!"

"ஆரோ மறந்துபோய் விட்டிட்டுப் போட்டினம் எண்டு நினைச்சன்."

"மறக்கேல்லை. அது வேலையிலை நிக்குது."

பிறகு அந்த ஈர உடுப்புகளுக்கு நடுவே நின்று எனக்கு ஒரு விரிவுரையே நடத்தினான். அவர்கள் ஊரில் ஆஸ்பத்திரி, வங்கி, ரயில் நிலையம் எங்கே போனாலும் முக்கியமான இயந்திரத்தின் தலையில் இந்தப் பொட்டலம் இருக்குமாம். பச்சை வைத்தால் இயந்திரம் சொல்வழி கேட்குமாம். மஞ்சள் வைத்தால் படுத்துவிடும். சிவப்பு வைத்தால் கதை முடிந்தது. பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. திகதி முடிந்ததை வைக்கவே கூடாது.

"நீ எஞ்சினியரெல்லே. உதை நம்புறியோ?"

"நான் நம்பேல்லை. மெசின் நம்புது." சிரிக்காமல்தான் சொன்னான். "தனிய ஓட விட்டிட்டுப் போறம். பக்கத்திலை ஆரோ இருக்கினம் எண்டு அதுக்குத் தெரியவேணுமெல்லே?"

ஒரு மாதத்துக்குள் விடுதி முழுவதும் பச்சையாகிவிட்டது. பிரிட்ஜ், அடுப்பு, பாத்திரம் கழுவும் இயந்திரம், காப்பி இயந்திரம், வாசல் கதவின் இலக்கப் பூட்டு எதையும் அவன் விட்டுவைக்கவில்லை. ஐந்தாம் அறைப் பெண் சமையலறைக் கூட்டத்தைக் கூட்டினாள். டேனிஷ்காரர் சண்டை பிடிக்க மாட்டார்கள், கூட்டம் வைப்பார்கள். உணவுப் பொருள் ஒன்றை உணவாக இல்லாமல் வைத்திருக்க விதிகளில் இடமுண்டா என்று ஒரு மணித்தியாலம் விவாதித்தார்கள். கடைசியில் இருவர் கொண்ட குழு ஒன்று அமைத்து, திகதி முடியும்வரை பொட்டலங்கள் இருக்கலாம் என்று தீர்மானம் எழுதினார்கள். அவன் எழுந்து நின்று, அவர்களுடைய விதியும் தன்னுடைய விதியும் ஒன்றுதான் என்று சொல்லி நன்றி தெரிவித்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் விடுதிக்கே வந்துவிடுவான், மழையென்றாலும் பனியென்றாலும். அவனிடம் ஒரு மின்சாரச் சோற்றுக் குக்கர் இருந்தது. அதில் சோறு வைப்பான், முட்டை அவிப்பான், மீன் அவிப்பான். அவனை விட்டால் அதிலேயே ஆராய்ச்சிக் கட்டுரையையும் அவித்து எடுத்திருப்பான் என்று நினைக்கிறேன். சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு வந்து, போனைப் பால் பெட்டியில் சாய்த்து வைத்து அவனுடைய அம்மாவைக் கூப்பிடுவான். அங்கே அது இரவுச் சாப்பாட்டு நேரம். இரண்டு பேரும் ஒன்றும் பேச மாட்டார்கள். அவ அங்கே மெல்லுவா, இவன் இங்கே மெல்லுவான். இருபது நிமிசம் கழித்துக் கையைக் காட்டிவிட்டுப் போனை வைப்பான். ஆறு மாதத்துக்கொரு முறை பொட்டலப் பெட்டி அனுப்புவதும் அந்த அம்மாதான்.

இனி விசயத்துக்கு வருகிறேன். அவனுடைய ஆராய்ச்சி முழுவதும் ஒரே ஒரு இயந்திரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றாலை இறக்கையின் துண்டொன்றை அது இரவு பகலாக வளைத்து வளைத்து நிமிர்த்தும். ஐந்து கிழமை, அதாவது முப்பத்தைந்து நாள், நிற்காமல் ஓடவேண்டும். நடுவில் நின்றால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். விசா முடிய இருந்ததால் முதலிலிருந்து தொடங்க அவனுக்கு நாளில்லை. நின்றால் பட்டமில்லாமல் வீடு போகவேண்டியதுதான். இயந்திரம் ஒரு வியாழக்கிழமை ஓடி முடிக்கும். அதன் தலையிலிருந்த பொட்டலத்துக்குத் திங்களோடு திகதி முடிகிறது. அந்த மூன்று நாளை நினைத்து அவன் இளைத்தே போனான்.

புதுப் பெட்டி சுங்கத்தில் நின்றது. தப்பு அவனுடையதுதான். பொருளின் பயன்பாடு என்ன என்ற கேள்விக்கு உண்ணுவதற்கு என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். "இயந்திரங்களை அமைதிப்படுத்துவதற்கு" என்று எழுதிவிட்டான். எந்த இயந்திரங்கள், மின்பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று பதில் கடிதம் வந்தது. அதற்கும் நாலு பக்கத்தில் விளக்கம் எழுதி அனுப்பினான். பெட்டி அங்கேயே இருந்துவிட்டது. மற்றப் பொட்டலங்களெல்லாம் ஏற்கெனவே திகதி முடிந்து குப்பைக்குப் போய்விட்டன. மிஞ்சியது பிரிட்ஜுக்கு மேலிருந்த, இன்னும் திகதி முடியாத ஒன்றுதான். அதைத் திங்கட்கிழமை எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு.

ஞாயிறு மத்தியானம் என் அம்மா இக்காஸ்டிலிருந்து ரயிலேறி வந்தா. இரண்டு பை நிறையச் சாப்பாடு. ஊத்தை உடுப்பு எடுத்துத் தரச் சொன்னா என்று அறைக்குப் போய்ப் பத்து நிமிசத்தில் சமையலறைக்குத் திரும்பி வந்தேன். மேசையில் தேத்தண்ணிக் கோப்பை, பக்கத்தில் வெறும் பச்சைப் பொட்டலம்.

"அம்மா, உதை எங்கையிருந்து எடுத்தனீங்கள்?"

"உங்கை பிரிட்ஜுக்கு மேலை கிடந்துது. தேத்தண்ணியோடை ஏதும் கடிப்பம் எண்டு பாத்தன். ஒரு ருசியுமில்லையடா. அரைவாசியை ஜன்னலடியிலை நிண்ட குருவியளுக்குப் போட்டிட்டன்."

அந்த நேரம் பார்த்துத்தான் அவன் உள்ளே வந்தான். தலையில் சைக்கிள் ஹெல்மெட். மேசையைப் பார்த்தான். வெறும் பொட்டலத்தை எடுத்து விரலால் நீவி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கதிரையில் உட்கார்ந்தான். இரண்டு வருசமாக யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்த முகத்தில் தெரிந்தது. எனக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை.

"ஏனடா அந்தப் பிள்ளையின்ரை முகம் செத்துப்போச்சு?" என்று அம்மா கேட்டா. சொன்னேன். அவ சிரிப்பா என்று நினைத்தேன். அம்மா எழும்பி நின்றுவிட்டா.

"படைச்சு வைச்சதையோடா நான் திண்டனான்? முதலே சொல்லியிருக்கக் கூடாதே!"

டென்மார்க்கில் பச்சைப் பொட்டலத்தின் கதையைக் கேட்டுச் சிரிக்காத முதல் ஆள் என் அம்மாதான். இக்காஸ்டில் துணித் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருசம் தைத்தவ. ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் தன்னுடைய தையல் மெசினுக்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டுத்தான் வேலை தொடங்குவா. மேற்பார்வையாளர் முதல் வருசம் ஏன் என்று கேட்டார். அடுத்த வருசம் தன்னுடைய மெசினுக்கும் ஒன்று வைக்கச் சொன்னார்.

குற்றம் செய்தாயிற்று, பரிகாரம் வேண்டும். நான் தடுக்கமுன் கைப்பையிலிருந்து திருநீறு வந்தது, கற்பூரம் வந்தது. பிரிட்ஜின் நெற்றியில் மூன்று குறி இழுத்து, தட்டில் கற்பூரத்தைக் கொளுத்திக் காட்டினா. அவன் ஹெல்மெட்டோடு எழும்பிக் கைகூப்பினான். இரண்டாவது சுற்றில் தீ எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது. அந்த மணி நேரே தீயணைப்புப் படைக்குப் போகும் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இரண்டு வண்டிகள் வந்தன. பன்னிரண்டு அறைக்காரரும் வெளியே பனியில் நின்றோம், சிலர் போர்வையோடு, ஒருவன் தலையில் ஷாம்பூ நுரையோடு. சேலைக்கு மேல் கோட் போட்டு, கையில் திருநீற்றுத் தட்டோடு அம்மா. என்ன எரிந்தது என்று தீயணைப்பு அதிகாரி கேட்டார். அம்மா தன்னுடைய தொழிற்சாலை டேனிஷில் நிதானமாகப் பதில் சொன்னா.

"ஒண்டும் எரியேல்லை. நான் பிரிட்ஜிட்டை மன்னிப்புக் கேட்டனான்."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

உள்ளே விட அரை மணித்தியாலம் ஆனது. குளிரில் நிற்கிறவர்களுக்குக் கதைப்பதைத் தவிர வேறு வழியில்லை. யார் யார் வெளியே வந்துவிட்டார்கள் என்று ஐந்தாம் அறைப் பெண் பெயர்ப் பட்டியல் எழுதினாள். அப்போதுதான் எங்களுக்கு ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரிந்தது. அவன் முறை வந்ததும் பெயரைச் சொன்னான். எல்லோரும் வழமைபோல நிலத்தைப் பார்த்தார்கள். அம்மா அவன் வாயையே கவனித்துக் கேட்டுவிட்டு ஒரே தடவையில் சரியாகத் திருப்பிச் சொன்னா. அவன் சட்டென்று மற்றப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்தான். குளிர் என்றான்.

திரும்பி உள்ளே வந்ததும் அம்மா என்னுடைய பச்சைத் தலையணை உறையைக் கேட்டு வாங்கினா. கால் மணித்தியாலத்தில் கைத்தையலில் ஒரு பொட்டலம் தயார். பயறு மாவில் பிடித்துக் கொண்டுவந்த பயத்தம் உருண்டையில் ஆறை உள்ளே போட்டு வாயைத் தைத்தா.

"தேங்காய்ப்பூ வறுத்துப் போட்டிருக்கு. உந்த மெசின் ஒரு குறையும் சொல்லேலாது."

அவனும் அம்மாவும் கதைத்துக்கொண்டது டேனிஷில். அந்த டேனிஷை ஒரு டேனிஷ்காரர் கேட்டிருந்தால் நாட்டை விட்டே போயிருப்பார். ஆனால் அவர்கள் இருவருக்கும் ஒரு சொல்லும் தவறாமல் விளங்கியது. அவன் பேனையை எடுத்தான்.

"அம்மா, திகதி?"

"என்ன திகதி? நான் செய்தது பழுதாகாது. அப்பிடியே எழுது, தம்பி."

அவன் தன்னுடைய மொழியில் அதை முழுவதுமாக எழுதினான். வியாழக்கிழமை மத்தியானம் எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. இயந்திரம் ஐந்து கிழமையும் ஓடி, நிற்கவேண்டிய இடத்தில் நின்றுவிட்டதாம். கூடவே இன்னொரு வரி: "பயத்தம் உருண்டை அதுக்குப் பிடிச்சுப்போச்சு எண்டு அம்மாவிட்டைச் சொல்லு."

தீயணைப்பு வண்டி வந்த பிறகு எங்கள் மாடியே ஒரு குடும்பமாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கதவுகள் திரும்பவும் சாத்தப்பட்டன. "ஹேய்" என்பதோடு பெயரும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். அவனும் நானும் மட்டும் மத்தியானத்தில் ஒரே மேசையில் சாப்பிட்டோம். போனில் அவனுடைய அம்மா எனக்கும் கை காட்டுவா.

சுங்கம் கடைசியில் பெட்டியை விட்டபோது அவன் ஊருக்குப் புறப்பட இரண்டு நாள்தான் இருந்தது. புறப்பட்ட அன்று எனக்குப் பரீட்சை. முடித்து ஓடிவந்து பார்த்தால் ஏழாம் அறைக் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே கட்டிலும் மேசையும் மட்டும். சமையலறையில் குக்கர் இருந்த இடத்தில் ஒரு வட்ட அடையாளம். இனி இந்த மாடியில் எனக்குக் கதைக்க ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காய்ச்சலில் கிடந்த அந்த மூன்று நாள் ஞாபகம் வந்தது.

என் அறைக்குத் திரும்பினேன். கதவின் கைபிடியில் ஒரு பச்சைப் பொட்டலம் தொங்கியது. பிரிக்காதது, திகதி முடிய இன்னும் எட்டு மாதம். அதற்குக் கீழே, சலவை இயந்திரத்தில் ஒட்டுகிற அதே சீட்டு: "வேலை நடக்கிறது. தொடவேண்டாம்." மேலே எட்டு என்ற இலக்கத்தை வெட்டிவிட்டு, என் நீண்ட பெயரை ஓர் எழுத்துப் பிழையும் இல்லாமல் எழுதியிருந்தான்.

அதற்குப் பிறகு நான் இரண்டு வீடு மாறிவிட்டேன். பொட்டலமும் என்னோடு மாறி வந்தது, இப்போதும் என் மேசையில்தான் இருக்கிறது. திகதி முடிந்து வருசக் கணக்காகிறது. தயவுசெய்து அவனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். திகதி முடிந்தால் அது வேலை செய்யாது என்பான். இத்தனை வருசமும் என்னைப் பழுதாகாமல் பார்த்துக்கொண்டது அதுதான்.