எதிர் குவார்ட்டர்ஸில் ஒரு கிரகம்

நித்யாவின் கேமராவில் ஒளி மறுபடியும் குறைந்தது. எதிர் குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்குக் குறுக்கே யாரோ போகிறார்கள்.

"அம்மா, பொற்கொடி அக்கா வீட்ல யார் இருக்கா?"

ஹாலிலிருந்து சகாயம்மாள் வந்தாள். "யாருமில்லியே. அவ சேத்தியாத்தோப்பு போயிருக்கா. அவ புருஷன் செகண்ட் ஷிஃப்ட்."

"லைட் எரியுது. ஆளும் நடக்குது."

நட்சத்திரத்தின் முன்னால் ஒரு கிரகம் கடந்தால் அதன் ஒளி துளி குறையும். எவ்வளவு குறைகிறதோ, அதை வைத்து கிரகத்தின் பருமனைச் சொல்லிவிடலாம். இதைக் கற்கத்தான் நித்யாவுக்குப் பெங்களூரில் இரண்டு மாதப் பயிற்சி கிடைத்திருந்தது. அம்மா விடவில்லை. "எங்கியோ கெடக்கிற கிரகத்த அளந்து யாருக்கு என்னடி?" நித்யா தன் அறையை இருட்டாக்கி, கேமராவை வைத்து, எதிர் ஜன்னலையே நட்சத்திரமாக்கிப் பழகினாள்.

"ஆள் எவ்ளோ பெருசுடி?" அம்மா முதல்முறையாக ஆர்வமாகக் கேட்டாள்.

அந்த பிளாக்கில் எல்லா ஜன்னலும் ஒரே அளவு. கணக்கு சுலபம்.

"ரெண்டடி அகலம்மா."

"ரெண்டடியா! பொம்பளையாத்தான் இருக்கும். என்னத்தத் தின்னு வளந்தாளோ!"

சகாயம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். ஒளி அசையவில்லை.

"நாம பாக்கறது தெரிஞ்சுபோச்சு. பதுங்கிட்டா."

ஹாலுக்குப் போய்ப் பொற்கொடிக்குப் போன் போட்டாள்.

"அம்மா! இறங்குது, ஏறுது, மறுபடி இறங்குது!"

போனும் கையுமாக அம்மா ஓடிவந்தாள். ஒளி நின்றுவிட்டது.

"என்னைக் கண்டா மட்டும் மறையறா பாரு. என்ன திமிரு!"

"அம்மா, நான் ஒரு தடவை சரிபாத்துட்டு..."

"நீ சும்மாயிரு. பொற்கொடி, எம்பொண்ணு கணக்கு தப்பாது. கெளம்பி வா."

பொற்கொடி அடுத்த பஸ்ஸைப் பிடித்து, வீங்கிய கண்களோடு வந்து இறங்கினாள். அதற்குள் பாதி பிளாக் கூடியிருந்தது.

"என் வூட்ல எவக்கா அவ?"

"யாருன்னு தெரியல. அகலம் ரெண்டடி."

"கணக்கு தப்பாயிருந்தா? அவரு மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?"

சகாயம்மாளுக்குச் சுருக்கென்றது. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "தப்பாயிருந்தா இவ பெங்களூர மறந்துடட்டும். சரியா இருந்தா நானே ரயில் ஏத்தி விடறேன்."



பொற்கொடி கதவைத் திறந்தாள். உள்ளே கும்மிருட்டு. வாட்ச்மேன் கலியன் டார்ச்சோடு முதலில் நுழைந்தார். சமையலறை, குளியலறை, கட்டிலுக்கு அடியில் எல்லாம் பார்த்தார். ஒரு பல்லி மட்டும் ஓடியது.

"யாரும் இல்லீங்க. மெயினே ஆஃப்ல கெடக்குது."

"அப்ப கணக்கு தப்பு," என்றது கூட்டத்தில் ஒரு குரல். நித்யா தலைகுனிந்தாள்.

சாத்தியிருந்த கண்ணாடி ஜன்னல் வழியே கலியன் எதிரே பார்த்தார். சகாயம்மாளின் ஹால் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"கணக்கு கரெக்ட்டுங்க. உங்க ஹால் வெளிச்சந்தான் இந்தக் கண்ணாடில தெரிஞ்சிருக்குது, அதுல எப்பவும்போல குறுக்கும் நெடுக்கும் போன் பேசிகினே நடந்தது நீங்கதாம்மா!"