ஹோலில் குடியேறிய நாகதம்பிரான்

வீட்டில் ஒரு காரியத்தைச் சாதிக்கச் சாமியைத் துணைக்கு இழுக்கக் கூடாது. இது எனக்கு இருபத்துநாலு வயதில் விளங்கியது. விளங்கிய நேரம் சாமி எங்கள் வீட்டு ஹோலில் குடியேறிவிட்டது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. சிரிப்பெல்லாம் மற்றவர்களுக்கு.

அப்போது நான் சுவிஸில், பாடன் நகரில் அப்பா அம்மாவுடன் இருந்தேன். பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக வேலை. நாள் முழுக்க வாய் திறந்த மனிதர்களோடு மாரடித்துவிட்டு வந்தால், வாயே திறக்காத ஒரு உயிர் வீட்டில் இருந்தால் நல்லது போல் இருந்தது. நாய் குரைக்கும், பூனை மயிர் கொட்டும், கீழ்வீட்டுச் சுவிஸ் மனிசி புகார் கொடுப்பார். ஆகவே பாம்பு என்று முடிவெடுத்தேன். (ஏன் மீன் வளர்க்கவில்லை என்று கேட்காதீர்கள். எல்லாரும் கேட்டுவிட்டார்கள்.)

ஷாஃப்ஹவுசன் பக்கம் பாம்பு வளர்த்து விற்கும் ஒரு சுவிஸ்காரரிடம் போனேன். முதல்முறை வளர்ப்பவருக்கு ராச மலைப்பாம்புதான் தோது என்றார். பெயர்தான் ராசா. ஆள் வந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்து போலச் சுருண்டுவிடுமாம். நான் பாம்பு வாங்கப் போனால், என்னைக் கண்டு நடுங்குகிற பாம்பைத் தருகிறார்களே என்று அங்கேயே எனக்குச் சுர்ரென்று ஏறியது. மண்ணிறத்தில் ஒன்றைக் காட்டி, இது ஒழுங்காகச் சாப்பிடுகிறது, இதையே எடு என்றார். நான் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பக்கத்துப் பெட்டியில் பொன் மஞ்சள் நிறத்தில் ஒன்று படுத்திருந்தது. அது சாப்பாட்டில் கொஞ்சம் பிகு பண்ணும், சூடு வேண்டும், ஒளிந்துகொள்ள இருட்டுப் பெட்டி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அமைதி வேண்டும் என்று அந்த மனிதர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சீலைக் கடையில் நிற்கிற ஆளுக்கு அறிவுரை சொல்லி என்ன பிரயோசனம்?

வீட்டு வாசலில் அம்மா மறித்தார். "பாம்போ? உது உள்ளுக்கு வந்தால் நான் வெளியிலை போறன்."

அன்று வெள்ளிக்கிழமை. அம்மா தலைமுழுகி, விளக்கேற்றி, நெற்றி நிறையத் திருநீற்றோடு நின்றார். என் வாயில் சனி இருந்திருக்க வேண்டும். "அம்மா, வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்ப் பொன் நிறத்திலை வந்திருக்கு. நாகதம்பிரானைத் திருப்பி அனுப்பப் போறீங்களோ?" என்றேன். ஒரேயொரு வசனம். அதுவும் பகிடிக்குச் சொன்னது. அதற்காக என்னைத் தூக்கில் போட முடியுமா?

அம்மா எட்டிப் பார்த்தார். படம் எடுக்காதோ என்று கேட்டார். எடுக்காது, சாது என்றேன். அம்மா வீட்டுச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வழி விட்டார். நான் அந்த நிமிடமே பாம்பைத் திருப்பிக் கொண்டுபோயிருக்க வேண்டும்.

பாம்பின் கண்ணாடிப் பெட்டியை, அதுதான் டெராரியத்தை, என் அறையில், கதவுக்குப் பின்னால், அழகாக வைத்திருந்தேன். அடுத்த நாள் வேலையால் வந்து பார்த்தால் அது ஹோலில், சாமி அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. சாமி இருக்கிற பக்கம் கால் நீட்டிப் படுக்கலாமோ என்று அம்மா என்னையே குற்றவாளியாக்கினார். இருட்டுப் பெட்டியையும் எடுத்துவிட்டார். சாமி முகத்தை ஒளித்தால் வருகிறவர்கள் எப்படிக் கும்பிடுவதாம்! வருகிறவர்களா? யார் வருகிறார்கள்? என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை.

வந்தார்கள். பாடனில் உள்ள அன்ரிமார் பாலோடும் முட்டையோடும் வந்தார்கள். பாம்புக்குப் பால் செரிக்காது என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். நேற்றுப் பிறந்த பிள்ளை எங்களுக்குப் படிப்பிக்கிறா என்று ஒரு அன்ரி என் கன்னத்தைத் தட்டிவிட்டு, பால் கிண்ணத்தை உள்ளே வைத்தார். நொஷாட்டலில் இருந்து ஒரு குடும்பம் ரயிலேறி வந்தது. மகளின் சாதகத்தில் நாகதோஷமாம், சுற்றிக் கும்பிட வேண்டுமாம். சுவரோடு ஒட்டியிருக்கிற டெராரியத்தை எப்படிச் சுற்றுவது? அப்பா அதை இழுத்து ஹோலின் நட்டநடுவில் விட்டார். (அப்பா இந்தக் கதையில் வாய் திறக்கிற ஆள் இல்லை. இழுக்கிற ஆள்.) நாலு பக்கமும் கண்ணாடி, மேலே வெளிச்சம், கற்பூரப் புகை, சுற்றிவரத் தேவாரம். பயந்த சுபாவமுள்ள ஒரு பிராணிக்கு இதைவிடக் கேடான வீட்டை வலிந்து திட்டம் போட்டாலும் கட்ட முடியாது.

பாம்பு பந்தாகிவிட்டது. பந்தாகவே இருந்தது.

சாமிக்கு முன்னால் மாமிசம் கூடாது என்பதால், எலியைக் காட்ட நான் பாம்பைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போவேன். செத்த எலிகள் கீழே நிலவறைக் கெல்லரில், எங்கள் சின்ன உறைபெட்டியில் இருந்தன. சுடுநீரில் இளக்கி, இடுக்கியில் பிடித்து, கெஞ்சிக் கூத்தாடுவேன். அது முகத்தைத் திருப்பும். வாரங்கள் போயின. அது கந்தசஷ்டி விரதக் காலம் வேறு. அம்மா பெருமையோடு எல்லாரிடமும் சொன்னார்: "நான் பின்னேரத்திலை ஒரு பழமாவது தின்னுறன். அவர் அதுவும் இல்லை."

அதன் முதுகெலும்பு என் விரலில் தட்டுப்பட்ட நாளில் குளியலறைத் தரையில் இருந்து அழுதேன். அது சாகப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. வெளியே யாரோ அரோகரா சொன்னார்கள்.

மிருக வைத்தியரிடம் அம்மாவும் வந்தார், சின்ன மாலையோடு. வைத்தியர் ஒரு பெண். பாம்பை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் வாய் திறக்க முன், அம்மா சமையலறை வேலையில் பழகிய தன் ஜேர்மனில் சந்தோஷமாக விளக்கினார்: வீட்டின் நடுவில், பகலும் இரவும் விளக்கு, எத்தனையோ பேர் வந்து சுற்றிப் பாடுவார்கள். வைத்தியர் பாம்பை மெல்லத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார், இதற்கு வேறு வருத்தம் இல்லை, பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை, இப்படியே விட்டால் செத்துப்போகும் என்று.

அம்மா என் பக்கம் திரும்பினார். "எங்களைக் கண்டோ பயம்?"

"ஓம் அம்மா."

 திரும்பி வந்த ரயிலில் மாலை அம்மாவின் கைப்பையிலேயே கிடந்தது. எனக்கோ வயிறு எரிந்தது. இதையேதான் நான் வாரக்கணக்காகத் தமிழில் சொன்னேன்! வெள்ளைக் கோட்டுப் போட்டு ஜேர்மனில் சொன்னால்தான் காதில் ஏறுமோ?

ஆனால் வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைவிட வேகமாக இயங்கினார். டெராரியம் என் அறை மூலைக்குப் போனது (அப்பா இழுத்தார்). இருட்டுப் பெட்டி திரும்பி வந்தது. மூன்று பக்கமும் தன் பட்டுச்சீலை ஒன்றால் மூடினார். பிறகு போனை எடுத்து ஒருவரும் வர வேண்டாம் என்று ஊர் முழுக்கச் சொன்னார். நொஷாட்டல் குடும்பம் இன்றுவரை எங்களோடு கதைப்பதில்லை.

சில நாள் அமைதியாக விட்டு, பொழுதுபடும் நேரத்தில் எலி கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் வைத்தியர். அந்த நாள் பார்த்து ஒருவர் வீங்கிய கன்னத்தோடு வந்து சேர, எனக்கு வேலை இழுபட்டது. பிந்தி ஓடி வந்தால், குசினியில் இடுக்கி கழுவி வைத்திருந்தது. அன்றும் வெள்ளிக்கிழமை. வெள்ளியில் முட்டைகூட அவிக்காத வீடு அது. அம்மா கெல்லருக்கு இறங்கிப் போய், எலியை எடுத்து, இளக்கி, தன் கையாலேயே கொடுத்திருக்கிறார்.

"சாப்பிட்டிட்டார்," என்றார் அம்மா. சொல்லிவிட்டுத் திரும்பவும் தலைமுழுகப் போனார்.

எனக்கு நிம்மதியில் அழுகை வந்தது. கொஞ்சம் பொறுத்துக் கோபமும் வந்தது. நான் கெஞ்சியபோது முகம் திருப்பிய பாம்பு அம்மா கொடுத்ததும் வாயைத் திறந்ததே, என்ன நன்றி கெட்ட பிராணி!

பிறகு எனக்கு ஷாஃப்ஹவுசனில் வேலை கிடைத்தது. அங்கே வீடு எடுத்து, டெராரியம் ஏற்ற வான் பிடித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா அறை வாசலில் நின்றார். "நீ போ பிள்ளை. அவரை அலைக்கழியாதை. பயந்துபோவார்."

என் பாம்பு! நான் தெரிந்தெடுத்தது! இப்போது என் அறையில் அது இருக்கிறது. நான் போனால் ஹோல் சோபாவில் படுக்கிறேன். யாராவது வீட்டுக்கு வந்து பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால், வாய் திறக்காத அப்பா அப்போது மட்டும் திறப்பார்: "ரெண்டு. ஒண்டு வீட்டை விட்டுப் போட்டுது. மற்றது சொல்வழி கேட்டு அறைக்குள்ளை இருக்குது."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அம்மா மட்டும் சிரிப்பதில்லை. ஓம் என்று தலையாட்டுவார்.