ப்ரோமான் வீட்டுக் கலோப்ஸ்

“நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு ரோலண்ட் முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த அவர் மனைவி குனில்லா மெல்லுவதை நிறுத்தினாள். “ஆனா?”

“ஆனா ஒண்ணும் இல்ல.”

“பரவாயில்ல, சொல்லு. இவ்வளவு நேரம் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்.”

“ஆனா, ப்ரோமான் வீட்டுல செய்யற மாதிரி இல்ல.”

கல்யாணமான நாளிலிருந்து குனில்லா கேட்டுவரும் வாக்கியம் இது. ஸ்வீடனில் அவர்கள் இருக்கும் ஊரான ஆர்போகாவில் யாரைக் கேட்டாலும் அவள் வைக்கும் கலோப்ஸைப் பற்றி நல்ல வார்த்தைதான் சொல்வார்கள். மாட்டிறைச்சியைப் பெரிய துண்டுகளாக வெட்டி, வெங்காயமும் பிரிஞ்சி இலையும் மிளகும் போட்டு, மத்தியானம் முழுக்கச் சின்னத் தீயில் வேகவிடுவாள். கூடவே அவித்த உருளைக்கிழங்கு, பீட்ரூட் ஊறுகாய். எதிலும் குற்றம் கண்டுபிடிக்கும் மாமியாரே இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். கட்டின கணவருக்கு மட்டும் ஏதோ ஒன்று குறையும்.

ப்ரோமான் குடும்பம் ரோலண்டின் சிறுவயதில் அடுத்த தெருவில் இருந்தது. அந்த வீட்டுப் பையன் ஸ்டாஃபானும் அவரும் ஒரே வகுப்பு. பள்ளி விட்டால் ரோலண்ட் தன் வீட்டுக்குப் போனாரோ இல்லையோ, அங்கே போகாமல் இருந்ததில்லை.

“அந்த வாசனை இருக்கே, மாடி வரைக்கும் ஏறி வரும்” என்று ஆரம்பித்தார். “கதவைச் சாத்தினாலும் வரும். சட்டியில கரண்டி இடிக்கற சத்தம், நாற்காலி இழுக்கற சத்தம், ஸ்டாஃபானோட அப்பா சிரிக்கற சத்தம்... ஒரே சட்டி, ஒரே மேசை. மொத்தக் குடும்பமும் ஒண்ணா உக்காந்து சாப்பிடும். இப்ப நம்ம மேசையைப் பாரு.”

மேசையைப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. மகள் மோவா, விலங்கிலிருந்து வரும் எதையும் தொடுவதில்லை என்பதால், டப்பாவில் கொண்டுவந்த பருப்பு உருண்டைகளைக் கைபேசியைப் பார்த்தபடி தின்றுகொண்டிருந்தாள். மருத்துவர் சொன்னதிலிருந்து குனில்லா உருளைக்கிழங்கை விட்டுவிட்டாள். ஒரு மேசையில் மூன்று பேருக்கு மூன்று சாப்பாடு.

குனில்லா எழுந்தாள். இடுப்பிலிருந்த ஏப்ரனை அவிழ்த்துக் கணவரின் கழுத்தில் மாட்டினாள்.

“சனிக்கிழமை உனக்கு அறுபது. விருந்துக்கு ஆளுங்களைக் கூப்பிட்டாச்சு. நீயே சமை. அந்த ருசி வந்துட்டா நான் வாயே திறக்கல. வரலைன்னா, ப்ரோமான்கற பேரை இனிமே இந்த வீட்டுல எடுக்கக்கூடாது.”

“ஒரு கலோப்ஸுக்கா இவ்வளவு கோபம்?”

“கலோப்ஸுக்கு இல்ல ரோலண்ட். நான் கண்ணால பார்த்ததே இல்லாத ஒரு பொம்பளைகிட்ட, என் சொந்தச் சமையலறையில, இத்தனை வருஷமா தோத்துக்கிட்டே இருக்கேன்.”

இதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. ரோலண்டுக்கு உறைத்தது. ஆனாலும் அந்த ருசியைக் கண்டுபிடித்து ஒரு வாய் ஊட்டிவிட்டால் அவளே ஒத்துக்கொள்வாள், பிறகு வீட்டில் நிம்மதி என்றுதான் அவர் புத்தி போனது. நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் வேலை. கசிவு எங்கே என்று கண்டுபிடித்து அடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற ஆள்.

முதலில் இறைச்சியைச் சந்தேகித்தார். மறுநாளே பெரிய அங்காடிக்குப் போனார்.

“கலோப்ஸ் செய்ய ஏதாவது இருக்கா?” என்று அங்கிருந்த பெண்ணைக் கேட்டார்.

“பட்டாணியில செஞ்ச துண்டு இருக்கு. மாடு மாதிரியே இருக்கும்.”

“மாடே இருக்கா?”

“மாடா?” அந்தப் பெண் யோசித்தாள். “இருங்க, உள்ள கேட்டுட்டு வரேன்.”

எலும்போடு இருந்த துண்டை என்ன விலை என்றுகூடப் பார்க்காமல் வாங்கிவந்து வேகவைத்தார். வீடெல்லாம் மணத்தது. ருசி பார்த்தார். இல்லை. மிளகு போதவில்லை என்று இன்னொரு கை போட்டார். அப்போதும் இல்லை. இன்னொரு கை போட்டார். அன்றைக்கு ராத்திரி இருவரும் தண்ணீராகக் குடித்தார்கள்.

“காரமா இருக்கா?” என்று கேட்டார்.

“நாக்கு இருந்தாத்தானே தெரியும்” என்றாள் குனில்லா.

அடுத்ததாகச் சட்டியின் மேல் சந்தேகம் விழுந்தது. ஒட்டாத பூச்சு பூசிய இந்தக் காலத்துப் பாத்திரத்தில் அந்தக் காலத்து ருசி எப்படி வரும்? பழைய சாமான் கடையில் ஓர் இரும்புச் சட்டி கிடைத்தது. அதைத் தூக்கிக்கொண்டு படியேறுவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த வலியோடு அதை அடுப்பின் மேல் வைக்கப் போனவர், கடைசி ஒரு சாண் உயரத்தில் கையை விட்டுவிட்டார். சட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. இண்டக்‌ஷன் அடுப்பின் கண்ணாடி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரைக்கும் விரிசல் விட்டுவிட்டது.

“புது அடுப்பு எப்ப வரும்?” என்று குனில்லா கேட்டாள்.

“அடுத்த வாரம்.”

“உன் பிறந்தநாள்?”

“இந்த வாரம்” என்றார் ரோலண்ட், யாரோ வேண்டுமென்றே அப்படி வைத்துவிட்டது போல.

ஆனால் அவருக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. ப்ரோமான் வீட்டில் விறகடுப்பு அல்லவா? தீயே வேறு என்றால் ருசி எங்கிருந்து வரும்? கோடைக்கு வைத்திருந்த கரி அடுப்பைப் பால்கனியில் போட்டுப் பற்றவைத்து, இரும்புச் சட்டியை அதன்மேல் ஏற்றினார். கரி ஈரம். சட்டிக்கு முன்பாகப் புகைதான் தயாரானது. அது மேல்மாடிச் சன்னல் வழியாக நுழைந்து, அங்கிருந்து மாடிப்படிக்கு வந்து, புகை எச்சரிக்கை மணியைக் கண்டுபிடித்தது. கொஞ்ச நேரத்தில் கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும் வீட்டுச் செருப்போடு புல்வெளியில் நின்றார்கள். தீயணைப்பு வண்டி வந்தது, பார்த்தது, போய்விட்டது.

குடியிருப்போர் சங்கத் தலைவர் பொர்யே, ஒரு கையில் நாயும் மறு கையில் பல் துலக்கும் பிரஷுமாக முன்னே வந்தார்.

“ரோலண்ட், பால்கனியில கரி அடுப்பு வைக்கக்கூடாதுன்னு போன கூட்டத்துல தீர்மானம் போட்டோமே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“அதைக் கொண்டுவந்தது யாரு?”

ரோலண்ட் சுற்றிலும் பார்த்தார். எல்லார் முகமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர்தான் கொண்டுவந்தார். என்ன செய்வதென்று தெரியாமல், யாருமே எதிர்பாராத ஒன்றைச் சொல்லிவிட்டார்.

“சனிக்கிழமை எல்லாரும் எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க.”

இத்தனை வருஷமாக மாடிப்படியில் தலையாட்டுவதோடு நின்றுபோன ஜனங்கள் அவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆளுக்கு ஆள் கைபேசியை எடுத்துச் சனிக்கிழமையில் குறித்துக்கொண்டார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை.

“நல்லதாப் போச்சு” என்றாள் குனில்லா படியேறும்போது. “அடுப்பு இல்ல, ருசி இல்ல. ஆளுங்க மட்டும் ரெண்டு மடங்கு.”

பொர்யே இளகி, கீழ்த்தளத்தில் இருந்த சங்கக் கூடத்தையும் அதன் சமையலறையையும் கொடுத்தார். இனி அடுப்பைக் குறை சொல்லவும் வழியில்லை. வேறு போக்கில்லாமல் ரோலண்ட், கோத்தென்பர்கில் இருக்கும் ஸ்டாஃபானுக்குப் போன் போட்டார்.

“உங்க அம்மா கலோப்ஸுல அப்படி என்னடா போடுவாங்க?”

“யாருக்குத் தெரியும்? நான் இப்ப மீன் மட்டும்தான் சாப்பிடறேன். அம்மாவையே கேளேன்.”

“அம்மா... இருக்காங்களா?”

“என்னடா இப்படிக் கேட்டுட்ட? தொண்ணூறு ஆச்சு, என்னைவிடத் தெம்பா இருக்காங்க. உங்க ஊர்லயேதான், சர்ச்சுக்குப் பின்னாடி.”

டாக்மார் ப்ரோமான் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு தொலைக்காட்சியில் ஐஸ் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளை வரும்வரை ரோலண்டை வாசலருகே நிற்கவைத்துவிட்டு, பிறகுதான் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“அட, ஸ்டாஃபானோட படிச்சவன்தானே நீ! ஒல்லியா இருப்ப. நல்ல பையன். இருக்கற இடமே தெரியாது.”

ரோலண்ட் விஷயத்தைச் சொன்னார். டாக்மார் சிரித்துக்கொண்டே குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே தாய்லாந்துக் குழம்பு டப்பாக்கள் வரிசையாக அடுக்கியிருந்தன.

“கலோப்ஸா? அதை இப்ப யாருடா நின்னு கிளறிக்கிட்டு இருப்பா? இதைப் பாரு. பட்டனை அழுத்தினா முடிஞ்சுது. தேங்காய்ப் பால், எலுமிச்சை இலைன்னு என்னமா இருக்கு! இது அப்பவே இருந்திருந்தா நான் கலோப்ஸ் பக்கமே போயிருக்க மாட்டேன்.”

“ஆன்ட்டி, அப்படிச் சொல்லாதீங்க” என்றார் ரோலண்ட். அவர் கண் கலங்கிவிட்டது. “உங்க வீட்டுக் கலோப்ஸ் மாதிரி ஒண்ணு இந்த உலகத்துலயே கிடையாது. அதை நினைச்சுக்கிட்டேதான் நான் வளர்ந்தேன்.”

டாக்மார் அவரையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் அந்த வயதில் இப்படி ஒரு பாராட்டு வீடு தேடி வந்தால் யார்தான் குறுக்கே பேசுவார்கள்? கண்ணாடி முன்னால் போய் உதட்டுச் சாயத்தைச் சரிசெய்துகொண்டார்.

“கார் அனுப்பு. சிவப்பு வைன் நல்லதா இருக்கணும்” என்றார்.

சனிக்கிழமை டாக்மார் சங்கக் கூடத்துச் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு கையில் கோப்பையோடு உத்தரவு போட்டார். ரோலண்ட் வெட்டினார், வதக்கினார், கிளறினார். குனில்லா வாசற்படியில் கைகட்டி நின்று ஒவ்வொன்றையும் பார்த்தாள். அதே வெங்காயம், அதே இலை, அதே மிளகு, அதே சின்னத் தீ. அவள் செய்யாத எதையும் டாக்மார் செய்யச் சொல்லவில்லை.

விருந்தாளிகள் சொன்ன நேரத்துக்குச் சரியாக நுழைந்தார்கள். முன்னாலேயே வந்தவர்கள் வாசலில் காருக்குள் உட்கார்ந்து மணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குக் கோதுமை ஆகாது, ஒருவருக்குப் பால் ஆகாது. பொர்யே பகலில் மட்டும் சாப்பிடுகிறவர், பிறந்தநாள் என்பதால் இன்று விலக்கு. மோவா காளானில் ஒரு கலோப்ஸ் செய்து தனிச் சட்டியில் கொண்டுவந்திருந்தாள். அதைப் பார்த்ததும் ரோலண்டுக்கு முகம் சுருங்கியது.

“அப்பா, ஒரே சட்டிதான் வேணும்னா நான் பட்டினி கிடக்கணும், பரவாயில்லையா?”

“சரி சரி, உன் சட்டியையும் மேசையில வை.”

எல்லோரும் உட்கார்ந்ததும் ரோலண்ட் எழுந்து கண்ணாடிக் கோப்பையைத் தட்டினார். அந்தக் காலத்தில் சாப்பாடு எப்படி இருந்தது, இன்று எப்படிச் சிதறிப்போயிற்று, ஒரு சட்டிக்கும் ஒரு மேசைக்கும் எவ்வளவு மகிமை என்று பேசினார். பொர்யே கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு டாக்மாரே கரண்டியைப் பிடித்து ரோலண்டின் தட்டில் முதலில் போட்டார், மற்றவர்களுக்கும் பரிமாறச் செய்தார்.

கூடம் முழுக்க முள்கரண்டிச் சத்தம். “அடடா”, “எங்க அம்மா செஞ்ச மாதிரியே இருக்கு” என்று நாலாபுறமும் குரல்கள். குனில்லா ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய் சாப்பிட்டாள்.

“இது என்னோடதேதான்” என்றாள் மெதுவாக, யாரிடமும் இல்லாமல்.

அப்புறம் எல்லோரும் ரோலண்டைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். விழுங்கினார். இன்னொரு துண்டை எடுத்து, அதையும் மென்று விழுங்கினார். பொய் சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றத்தான் செய்தது. ஒரே வார்த்தை. தொண்ணூறு வயதுக் கிழவிக்குச் சந்தோஷம், மனைவியோடு சமாதானம், வந்தவர்களுக்கு நிம்மதி. ஆனால் அந்த ருசி அவருக்கு உயிர். அந்த விஷயத்தில் மட்டும் அவருக்குப் பொய் வராது. காது சிவந்தது.

“ரொம்ப நல்லா இருக்கு ஆன்ட்டி” என்றார்.

“ஆனா?” என்றாள் குனில்லா.

ரோலண்ட் தட்டைப் பார்த்தபடி சொன்னார். “ஆனா, ப்ரோமான் வீட்டு மாதிரி இல்ல.”

அத்தனை முள்கரண்டிகளும் நின்றன. மோவா கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். குனில்லாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டாக்மாரின் பக்கம் திரும்பினாள்.

“கேட்டீங்களா டாக்மார்? நீங்க செஞ்சதே உங்க வீட்டு மாதிரி இல்லையாம். இந்த மனுஷனுக்கு அந்த ருசி வரணும்னா இன்னும் நான் என்னதான் செய்யறது, நீங்களே சொல்லுங்க!”

டாக்மார் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“இவனுக்கு எப்படிம்மா தெரியும் அந்த ருசி? அடுத்தவங்க வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாடு போடற வழக்கம்தான் அப்ப நம்ம ஊர்ல யாருக்கும் கிடையாதே, நாங்க சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் இவன் மாடியில ஸ்டாஃபான் ரூம்ல தனியா உக்காந்து காத்துக்கிட்டுல்ல இருப்பான்!”